பால் இல்லாதவள்

“பாலே சுரக்காதவளுக்கு எதுக்கு முட்டை?”

மாமியார் மருமகளின் தட்டிலிருந்த முட்டையை எடுத்து மகனின் தட்டில் வைத்தாள். அவன் தலை நிமிராமல் சாப்பிட்டான்.

ஒவ்வொரு வேளையும் மாமியார்தான் குழந்தையைத் தன் அறையில் தாலாட்டி, பிறகு கொண்டுவந்து மருமகளின் மடியில் போடுவாள். குழந்தை இரண்டு வாய் சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

“இன்னிக்கு டாக்டர் வாயாலயே கேப்போம். பால் இல்லைன்னு சொல்லட்டும், பேரன் என் ரூமுக்கு வந்துடுவான். அப்புறம் நீ எங்க வேணா போ!”

மற்ற நாளாயிருந்தால் மருமகள் அழுதிருப்பாள். இன்று கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மருத்துவமனையில் மாமியார் உட்காரக்கூட இல்லை.

“பச்சப்புள்ள பட்டினி கிடக்குது டாக்டர். இவகிட்ட சொட்டுப் பால் கிடையாது.”

“வேற ஏதாவது கொடுக்கறீங்களா? பவுடர் பால், மாட்டுப் பால்?”

“தண்ணிகூடக் கொடுக்கல. நான் என்ன விவரம் தெரியாதவளா?”

டாக்டர் குழந்தையை எடை போட்டுவிட்டுச் சிரித்தார்.

“இவனா பட்டினி? எடை நல்லா ஏறியிருக்கு. வேற எதுவும் கொடுக்கலைன்னா, இது முழுக்க அம்மா பால்தான். பிரமாதமா சுரக்குது!”



மருமகள் கைப்பையிலிருந்து, பாதி காலியான பால் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“காலைல பெருக்கும்போது உங்க கட்டிலுக்கு அடியில கிடைச்சுது அத்தை. தாலாட்டும்போதெல்லாம் இதைத்தான் அவனுக்குக் கொடுத்தீங்களா? இல்ல, இது நீங்க குடிக்கறதா?”