நேற்று செத்த சிலந்தி

நேற்று நான் அடித்துக் கொன்ற சிலந்தி, இன்று குளியலறைக் கதவுக்கு மேலே உட்கார்ந்திருந்தது.

தலையில் சோப்பு. கையில் குவளை. காலையிலிருந்து தூக்கிய சிமெண்ட் மூட்டைகளின் தூசி, உடம்பில் பாதி கரைந்தும் கரையாமலும் நிற்கிறது. வெளியே போக இருப்பது அந்த ஒரே கதவு.

கத்தியிருக்கலாம். கத்தினால் அவளுக்குக் கேட்டுவிடும்.

அவள் என் மனைவியின் மகள். ஒன்பது வயது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவோடு இந்த வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து துணிப்பையைப் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு, வேண்டியதை மட்டும் உருவிக்கொள்வாள், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி.

என்னோடு பேச்சும் கிடையாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், "அவர்கிட்ட ஃபேனைக் குறைக்கச் சொல்லும்மா" என்பாள். அவள் அம்மா என்னைப் பார்ப்பாள். நான் எழுந்து குறைப்பேன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இந்தச் சிலந்தி வந்தது. உள்ளங்கை அகலம். வலை கட்டாது. சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்துவிட்டு, விளக்கைப் போட்டதும் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும்.

"அது இருக்கற வீட்டுல நான் இருக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை பெரியம்மா வந்தா அவங்ககூடப் போயிடறேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

என் மனைவி என்னிடம் வந்து நின்றாள். "அவ போயிட்டா திரும்பி வரமாட்டா. எனக்கு அவளைத் தெரியும். நாள் முழுக்க மூட்டை தூக்கற ஆளு, ஒரு பூச்சிய அடிக்க இத்தனை யோசனையா?"

மூட்டை கடிக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இந்த மாதிரி சிலந்தி மேலே ஏறினாலே கொப்புளம் கொப்புளமாக வரும் என்று கிடங்கில் கூட வேலை பார்க்கிறவன் வேறு சொல்லி வைத்திருந்தான்.

நேற்று செருப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வாளிக்குப் பின்னால், கால்களை மடக்கிக்கொண்டு கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே போடு. பறந்து போய்ச் சுவரோரம் விழுந்தது. அப்புறம் அசையவே இல்லை. என் கைக்கு இவ்வளவு பலமா என்று எனக்கே ஆச்சரியம்.

ஓர் அட்டையில் ஏந்திக் கொண்டுவந்து காட்டினேன். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டே, "பரவாயில்லையே" என்றாள். சின்னவள் மட்டும் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள். பென்சில் முனையால் புரட்டியும் பார்த்தாள்.

சாயங்காலம் பார்த்தால் பை காலி. அவள் உடுப்பெல்லாம் அலமாரியில், என் சட்டைகளுக்குக் கீழ்த்தட்டில், மடித்து அடுக்கியிருந்தது. எடுக்க ஒன்றும் இல்லாமலே அந்த அலமாரியை நான் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.

இப்போது இது வந்து உட்கார்ந்திருக்கிறது.

நேற்றைவிடப் பெரிதாக வேறு தெரிந்தது. செத்ததற்கு முன்னங்கால் ஒன்று கிடையாது. இதற்கு எட்டும் இருக்கிறது. அண்ணனோ புருஷனோ, கணக்குத் தீர்க்க வந்திருக்கிறது போல.

சோப்பு கண்ணில் இறங்கியது. மனைவி கடையிலிருந்து இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாளைக்குத்தான். நான் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டேன்.

கதவுக்கு வெளியே காலடிச் சத்தம்.

"கதவுக்கு மேலயா இருக்கு?"

அவள்தான். அம்மாவை நடுவில் வைக்காமல் அவள் என்னிடம் பேசுவது இதுதான் முதல் தடவை.

"எது?" என்றேன்.

"அந்த எட்டுக்கால் பூச்சி. காலையிலயே பார்த்தேன். அப்போ ஜன்னல்கிட்ட இருந்துச்சு. தண்ணிச் சத்தம் நின்னும் நீங்க வெளிய வரல, அதான் கேட்டேன்."

"அது நேத்தே செத்துப்போச்சே பாப்பா. இது வேற."

"அதேதான். நேத்து நீங்க அடிச்சது அது உரிச்சுப் போட்ட தோலு. முதுகு மூடி மாதிரி திறந்திருந்துச்சு, உள்ள ஒண்ணுமே இல்ல. முன்னாடி ஒரு கால் மட்டும் சின்னதா, வெளுப்பா இருக்கும் பாருங்க. புதுசா முளைச்சிருக்கு."

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இருந்தது. மற்றக் கால்களில் பாதிதான் நீளம். ஆனாலும் அதையும் ஊன்றித்தான் நின்றுகொண்டிருந்தது.

காலித் தோலை அடித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வீரனாகத் திரிந்திருக்கிறேன். அந்த வெட்கம் வந்து முடிவதற்குள் இன்னொன்று உறைத்தது.

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"ம்."

"அப்புறம் ஏன் பையைப் பிரிச்சே?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"செருப்பை எடுத்துட்டுப் போறப்ப உங்க கை அப்படி நடுங்குச்சு" என்றாள். "நடுங்கிக்கிட்டே உள்ள போனீங்க."

குவளையை வாளியில் முக்கினேன்.

"சரி, தண்ணிய ஊத்திட்டு மெதுவா வாங்க. தாழ்ப்பாளைச் சத்தம் போடாம எடுங்க. நான் நிக்கறேன்."

ஊற்றினேன். துண்டைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்து, கதவைத் திறந்தேன். சிலந்தி நகரவில்லை.

வெளியே அவள் துடைப்பத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

துடைப்பத்தின் நுனி நடுங்கிக்கொண்டிருந்தது.