அம்மனுக்கு இட்ட குங்குமம்

பூஜை அலமாரியில் சாய்த்து வைத்திருந்த கைபேசியில் ஊர் அம்மன் கோயில் தீபாராதனை நேரலையாக ஓடியது. வனஜா அதற்கே கற்பூரம் காட்டி, கண்ணை மூடி மணியடித்தாள். கோபித்துக்கொண்டு போன மகள் ஒரு தடவையாவது கூப்பிட வேண்டும், அதுதான் வேண்டுதல்.

கைபேசி சத்தமில்லாமல் அதிர்ந்தது.

"கொஞ்சம் சும்மா இரு மணியக்கா. மகள்தான் கூப்பிடுறா," என்றது கைபேசி.

"நானா அடிக்கிறேன்? இன்னிக்கு ரொம்ப உருகி வேண்டுறா, கை நிக்கவே இல்லை," என்றது வனஜா கையிலிருந்த மணி.

அழைப்பு ஓய்ந்தது. தவறிய அழைப்பு என்று, அம்மன் நெற்றியை மறைத்தபடி மகளின் பெயர் திரையில் நின்றது.

கண்ணாடி போடாத வனஜா கண்ணைத் திறந்தாள். குங்குமம் தொட்டு, அந்த நெற்றியில் கீழிருந்து மேலாக இழுத்தாள். விரலோடு பெயரும் போய்விட்டது.

"பார்த்தாளா?" என்றது மணி.

"பொட்டு வச்சா," என்றது கைபேசி.