முட்டைக்கோஸ் வாசனை அடிக்கும் மூலப்பிரதி

போன நூற்றாண்டுப் போரில் வார்சாவின் நூலகங்கள் எரிந்ததற்கு இப்போது யாரும் வருத்தப்படுவதில்லை. சாம்பலான சுவடிகளை எல்லாம், மிஞ்சிய தலைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு செயற்கை நுண்ணறிவு இயந்திரம் திரும்ப எழுதிவிட்டது. முன்பைவிட நன்றாகவே எழுதியிருக்கிறதாம்.

இந்த நேரம் பார்த்து ஹலினா நிஜச் சுவடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்கு வந்து நின்றாள். ஒரு துறவி கைப்பட எழுதிய மடாலய வரலாறு. நூலகத்தில் வேலை பார்த்த அவளுடைய கொள்ளுத்தாத்தா, ஜெர்மானியர்கள் தீ வைப்பதற்கு முன்பே அதைக் கோட்டுக்குள் மறைத்து எடுத்துவந்து, தகரப் பெட்டியில் அடைத்து, உப்பில் முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாயின் அடியில் ஒளித்துவைத்திருந்தார்.

சரிபார்ப்பு அதிகாரி யாசெக் அதை இயந்திரத்திடம் காட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“நம்ம பிரதியோட பாதிகூட ஒத்துப்போகலையேம்மா. இது போலி.”

“உங்க பிரதிய போன வருஷம்தானே சார் எழுதினீங்க?”

“அதனாலதான் அதுல ஒரு பிழைகூட இல்ல. இதுல பாருங்க, பீர் புளிச்சுப்போச்சுன்னு அந்தத் துறவி பக்கம் பக்கமா புலம்பறார்.”

பிறகு விதியை மரியாதையோடு எடுத்துச் சொன்னார். போலிகள் பண்பாட்டுக்கு ஆபத்து என்பதால், வெள்ளிக்கிழமைதோறும் நூலகத்தின் பின்பக்கம் வைத்து எரித்துவிடுவார்கள். கொடுப்பவருக்கு நன்றிச் சான்றிதழ் உண்டு.

“வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன் சார்.”

ஹலினா சுவடியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு நழுவினாள். போகிற வழியில் சந்தையில் இறங்கி, ஒரு பீப்பாய் நிறையும் அளவுக்கு முட்டைக்கோஸ் வாங்கினாள்.