ஒரு ராத்திரி ஊறணும்

"நாளைக்குத் தேர்வு. இன்னைக்கும் 'நாளைக்குச் சொல்றேன்'னா என்ன அர்த்தம்?"

மார்னி எச்சில் தட்டை ஜன்னலுக்குள் வேகமாகத் தள்ளினாள். கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் கழுவுவதற்குத் தட்டு வாங்கும் ஜன்னல் அது. உள்ளே நீராவிக்கு நடுவில் லூசியன் நின்றிருந்தான். முழங்கை வரை சோப்பு நுரை.

"கத்தாதே. காலைல ஏழு மணிக்கு வா. சொல்லிடறேன்."

"பேசிக்கிட்டே இருக்கும்போது நடுவுல நின்னுபோச்சுன்னா, என்ன சொல்லிச் சமாளிக்கறது? இவ்வளவுதானே கேட்டேன்! பிரெஞ்சு உங்க வீட்டுப் பாஷை. இப்பவே சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"கேட்ட உடனே சொன்னா மனசுல நிக்காது மார்னி. எங்க வீட்டு வழக்கம் அது. சனிக்கிழமை வேகவைக்கற காஞ்ச பீன்ஸ் கொட்டையை வெள்ளிக்கிழமையே ஊறப் போடறோமில்ல? அது மாதிரிதான். ஒரு ராத்திரி ஊறணும்."

பின்னால் கேரட் நறுக்கிக்கொண்டிருந்த ஐரின் சிரித்தாள்.

"நாலு வருஷமா ஊறுது. இன்னும் அடுப்புல ஏத்தக் காணோமே!"

"நீ கேரட்டைப் பாரு ஐரின். விரல் போயிடப் போகுது."

நாலு வருஷத்துக்கு முன்னால் இதே ஜன்னலில்தான் ஆரம்பித்தது. மார்னி கடற்கரைப் பக்கத்துப் பெண். அப்பாவுக்குச் சிங்கி இறால் படகு. அவள் வம்சத்தில் யாரும் பிரெஞ்சு பேசியதில்லை. முதல் வார வகுப்பு முடிந்து தட்டு வைக்க வந்தவள், லூசியன் சட்டையில் குத்தியிருந்த 'பூலியோ' என்ற பெயரைப் பார்த்தாள். அந்தக் காலத்தில் ஆலை வேலைக்கு வந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் தங்கிப்போன ஊர் இது; பாதிப் பேருக்கு இப்படித்தான் பிரெஞ்சுப் பெயர். அதுவரை கற்றிருந்த ஒரே வாக்கியத்தை அவனிடம் திக்கித் திக்கிச் சொன்னாள். அவன் தலையாட்டினான்.

"உனக்குப் பிரெஞ்சு வருமா?"

"பூலியோன்னு பேர் வச்சுக்கிட்டு வராம இருக்குமா?"

அன்றைக்கும் ஐரின் சிரித்தாள். கையிலிருந்த கரண்டி பட்டாணி சூப்புக்குள் விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

அன்று முதல் தினமும் ஒரு கேள்வி. பேராசிரியை கோவானிடம் கேட்க மார்னிக்குப் பயம். அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாலே தெரிந்ததும் மறந்துபோகும். லூசியனிடம் பயமில்லை. இன்று மத்தியானம் கேட்டால் நாளை மத்தியானம் பதில் வரும். முதல் வருஷம் அவன் அதிகம் பேசவே மாட்டான். "நீ சொல்லு, நான் கேக்கறேன்" என்பான். இரண்டாம் வருஷம் சண்டையையே பிரெஞ்சில் போட்டார்கள். மூன்றாம் வருஷம் ஒருநாள் அவன் சொன்ன வேடிக்கைக்கு, மனசுக்குள் இங்கிலீஷில் மாற்றிப் பார்க்காமலே மார்னி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் போட்டு அழுதாள். அவர் பயந்துபோய், "யாரும்மா அடிச்சாங்க?" என்று கேட்டார்.

இப்போது கடைசிப் படி. மேல்நிலைப் பேச்சுத் தேர்வு. தேறினால் செப்டம்பரில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை. இல்லாவிட்டால் அப்பாவின் படகு, அழுகின மீன் இரை, குளிரில் வெடித்த கை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, ஜன்னலில் ஒரு காப்பியும் ஒரு துண்டுச் சீட்டும் அவளுக்காகக் காத்திருந்தன. சீட்டில் ஒரே ஒரு வாக்கியம். மார்னி மூன்று முறை படித்து மடித்துக்கொண்டாள்.

"தேர்வு அறை வாசல்ல வந்து நிப்பியா?"

"பாப்போம். எனக்கும் அந்த நேரத்துல ஒரு வேலை இருக்கு."

"தட்டு ஓடிடுமா?"

"நீ போ. காப்பி ஆறுது."

தேர்வு அறையில் அவள் எடுத்த கேள்விச் சீட்டில், 'உங்கள் ஊர்ச் சாப்பாடு ஒன்றைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசவும்' என்று இருந்தது. மார்னி பீன்ஸைப் பற்றிப் பேசினாள். ஊறவைப்பது, வெல்லப்பாகு, உப்புப் பன்றிக்கறி, மண்சட்டி, சனிக்கிழமை முழுக்க வீட்டில் நிற்கும் வாசனை. நடுவில் ஓரிடத்தில் நின்றுபோனாள். சட்டென்று அந்த வாக்கியத்தைச் சொன்னாள். மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போனாள்.

கோவான் பேனாவைக் கீழே வைத்தாள்.

"தேறிட்டே. மேல்நிலை."

மார்னி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நடுவுல ஒரு வாக்கியம் சொன்னியே. அது யார் சொல்லிக் கொடுத்தது?"

"லூசியன், மேடம். சாப்பாட்டுக்கூடத்துல தட்டு கழுவறார். நாலு வருஷமா எனக்குச் சொல்லிக் கொடுக்கறார். அவங்க வீட்டுப் பாஷை."

கோவான் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தாள்.

"வீட்டுப் பாஷையா? அவன் வீட்டுல அது தாத்தாவோட போச்சும்மா. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை தெரியாம என் மாலை வகுப்புல வந்து உக்காந்தான். வகுப்பு முடிஞ்சதும் தினமும் ஒரே ஒரு கேள்வி கேட்டு, எழுதி வாங்கிக்கிட்டுத்தான் போவான். நேத்து சாயங்காலம் வாங்கிட்டுப் போனதுதான் அந்த வாக்கியம்."

மார்னி கதவைத் திறந்தாள். வெளியே நாற்காலியில், ஏப்ரன் இல்லாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு லூசியன் உட்கார்ந்து, அதே வாக்கியத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளேயிருந்து கோவான் குரல் கொடுத்தாள்: "அடுத்தது, லூசியன் பூலியோ!"