மிச்சமான போல்ட்

வைரவன் ஓர் ஆள் உட்காரும் குட்டி ஹெலிகாப்டரைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, எட்டு மாதம் தன் கையாலேயே பூட்டி முடித்தார். கடைசியில் டப்பாவில் ஒரு போல்ட் மிச்சமிருந்தது.

“தாராளமா ஒண்ணு கூடவே அனுப்பியிருக்கான்” என்று மனைவி செண்பகத்திடம் காட்டிச் சிரித்தார்.

போல்ட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுவரில் இருந்த பல்லியைப் பார்த்து அலறியது: “ஐயோ, நான் கூடுதல் இல்லை! வால் விசிறியைப் பிடிச்சுக்க வேண்டியவன். நான் இல்லாம பறந்தா அது கழண்டுடும். என் குரல் மனுஷங்களுக்குக் கேக்காது. நீயாவது கத்து!”

பல்லி கத்துவதற்கு வாயைத் திறந்தது.

வைரவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கவலையோடு நின்ற செண்பகத்திடம் சொன்னார்: “பயப்படாதே, ஒண்ணும் ஆகாது. ஒரு சுத்து சுத்திட்டுச் சாப்பிட வந்துடுவேன்.”

அந்த நேரம் பார்த்துப் பல்லி உயிரைக் கொடுத்துக் கத்தியது.

செண்பகத்தின் முகம் தெளிந்தது. “பல்லியே சொல்லிடுச்சு. போயிட்டு வாங்க.”

“நிறுத்தாதே, இன்னும் கத்து!” என்றது போல்ட்.

“எப்படிக் கத்துவேன்?” என்றது பல்லி. “நான் கத்தினதுலதானே அந்தம்மா அனுப்பி வைக்கிறாங்க!”

வெளியே விசிறி சுற்றத் தொடங்கியது.