ஐயா கையால்

"ஏனுங்க வக்கீலம்மா, ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்களே வாரீங்க. ஐயாவோட கைராசியைக் கேள்விப்பட்டுத்தானுங்க ராசிபுரத்துலருந்து வந்தேன். கேஸ் கட்டை அவரு தொட்டுக் குடுக்கோணும். இல்லீன்னா வேற வக்கீலைப் பாத்துக்கறேன்" என்றார் சென்னிமலை.

அவள் கேஸ் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். இவர் போனால் இவர் ஊர்க்காரர்கள் எல்லோரும் போய்விடுவார்கள். ஆனால் இன்றைக்கு ஐயா என்ன பேசுவாரோ?

தயங்கித்தான் உள்ளறைக் கதவைத் திறந்தாள். வக்கீல் நவநீதகிருஷ்ணன் வெளியே வந்தார். கட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றி, அவளிடமே நீட்டினார்.

"இனி எல்லாக் கேசும் இந்தம்மாதானுங்க. உள்ள இருந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கறேன். என்னையவிடக் கெட்டி."

"ஐயா வாயால சொன்னதுக்கப்புறம் எனக்கென்னங்க!" சென்னிமலை கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஐயா கவலையோடு அவள் பக்கம் குனிந்தார்.

"ஏனுங்கம்மா, எனக்கு யுவஸ்ரீன்னு ஒரு மவ இருக்கறா. அவளும் வக்கீலுதான். ஆபீசை உங்களுக்குக் குடுத்துட்டேன்னு தெரிஞ்சா கோவிச்சுக்குவாளோ?"

"கோவிச்சுக்க மாட்டாளுங்க, ஐயா" என்றாள் யுவஸ்ரீ.