மூன்று புள்ளிகள்

முற்பகல் வெயில் கணினித் திரையில் கோடாக விழுகிறது. மருத்துவத் தளம் ஒன்றுக்கு நான் எழுதிய தலைப்பு தேடலில் முதலாவதாக நிற்கிறது: "நெஞ்சுவலியா? பெரும்பாலும் வாயுதான்..." நீளம் கூடிவிட்டதால் தேடுபொறி வெட்டிய மீதி, "கைக்குப் பரவினால் உடனே மருத்துவமனை" என்பது. போன மாதம் தனக்கு நெஞ்சு வலித்தபோது என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "வெறும் வாயுதானாம், நீங்க ஆபீஸ் கிளம்புங்க" என்றாள். மாலையில் அவள் உயிரோடு இல்லை. மேலாளர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிகிறார். "முதலிடம்யா! அதுல கை வச்சிடாதே." "எச்சரிக்கையை முன்னாடி போடணும் சார்," என்கிறேன். "பயமுறுத்தினா எவன்யா உள்ள வருவான்?" ஏசி உறுமுகிறது. இன்று தலைப்பைப் பார்த்தவர்கள் நாலாயிரம் பேர் என்கிறது திரை. உள்ளே வந்து படித்தவர்கள் முந்நூறு. மற்றவர்கள் வாயுதான் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.